மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் சொன்னீர்களா?

நம் சங்கத்தில் மாதக் கூட்டம் முடிந்து காப்பி வழங்கும் நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். சர்க்கரை போட்ட காப்பிக்கு ஒரு வரிசை, போடாத காப்பிக்கு ஒரு வரிசை. சில வருஷங்களாகவே இரண்டாவது வரிசைதான் நீளம். அதில் நின்றால் காதில் விழுவது இப்படித்தான் இருக்கும்:

"அந்தப் பெரிய மாத்திரை எனக்கு ஒத்துக்கவே இல்லை சார். வயிறு கடமுடாங்குது. பாதியா உடைச்சுப் போட்டுக்கிறேன்."

"நான் நிறுத்தியே மூணு மாசமாச்சு. இப்ப வெந்தயம்தான்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட எங்கே சொன்னேன்!"

இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். சர்க்கரை மாத்திரைகளால் வரும் தொந்தரவுகள் நிஜமானவை. அவற்றைக் கற்பனை என்று தள்ளுகிற டாக்டர்களோடு எனக்கும் சண்டை உண்டு. ஆனால் தொந்தரவைக் காட்டிலும் பெரிய ஆபத்து அதை நாம் மறைப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். மறைத்து, அதன் பலனை அனுபவித்தவன் என்ற ஒரு தகுதிதான் எனக்கு உண்டு.

2015-ல் எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்து மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள். இது ஒன்றும் புதிய மருந்தல்ல. பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் 1957-லேயே இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். இதன் ஒன்றுவிட்ட சகோதரனான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் அமிலத்தை ஏற்றி ஆளையே கொன்றதால் அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் விலக்கப்பட்டது. நம் நாட்டில் 2003-ல்தான் தடை வந்தது. அந்தக் கெட்ட பெயர் மெட்ஃபார்மின் மேலும் ஒட்டிக்கொண்டதால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்க 1994 இறுதி ஆயிற்று. இன்று உலகெங்கும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதப்படும் சர்க்கரை மாத்திரை இதுதான். விலையும் மலிவு.

நல்ல மருந்துதான். என் வயிற்றுக்கு மட்டும் அது தெரியவில்லை. சாப்பிட்ட அரை மணியில் வயிறு புரளும். அவசரமாகப் போயாக வேண்டும். வீட்டிலோ ஆபீஸிலோ இருந்தால் சமாளிக்கலாம். என் வேலையோ இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே தண்டவாளத்தை ஒட்டி நடந்து, லொகேஷன் பாக்ஸைத் திறந்து பார்ப்பது. கூட நாலு ஆட்கள். சுற்றிலும் கோதுமை வயல். சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயர் தண்ணீர் பாட்டிலோடு வயலுக்குள் ஓடுவதை ஒரு தடவை என் ஆட்கள் பார்த்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. மறுநாளிலிருந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை.

இங்கே என் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாதையை மாற்றும் பாயிண்ட்டின் மோட்டாரையோ ஒரு சிக்னலின் வயரையோ வேலைக்காகப் பிரிக்க வேண்டுமானால், ஸ்டேஷன் மாஸ்டருக்கு முதலில் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். 'இந்தப் பாயிண்ட் இப்போது உன் கட்டுப்பாட்டில் இல்லை, இதை நம்பி வண்டி விடாதே' என்று அர்த்தம். வேலை முடிந்து சோதித்துப் பார்த்த பிறகு ரீகனெக்‌ஷன் மெமோ. மெமோ இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவன் மேல் சார்ஜ் ஷீட் பாயும். நானே அப்படி இரண்டு பேர் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறேன். அதே ஆசாமி, மெமோ இல்லாமல் தன் மாத்திரையைத் துண்டித்துவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியாமலே நாலு மாதம் வண்டி ஓட்டினேன்.

பிறகு நடந்தது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை 7.1-லிருந்து 9.0-க்கு ஏறியிருந்தது. "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். "ஜீ ஹாங்" என்றேன். அவர் கையில் இருந்த தகவலின்படி அவர் செய்தது சரியே: மெட்ஃபார்மின் மட்டும் போதவில்லை என்று முடிவு கட்டி, காலை உணவுக்கு முன்னால் சாப்பிட கிளிமெபிரைடு 2 மில்லிகிராம் சேர்த்தார். சின்ன மாத்திரை, வயிற்றைத் தொந்தரவு செய்யவில்லை. அதை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, பெரியதை டிராயரில் அடுக்கிக்கொண்டே போனேன்.

டிராயரை என் மனைவி ஒரு நாள் சுத்தம் செய்தாள். "ஏங்க, இத்தனை அட்டை இருக்கே, இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் அவள் எதிரே எல்லா மாத்திரையும் முழு அளவில். அதாவது, பொய்த் தகவலை வைத்து ஏற்றப்பட்ட மருந்தும், நான் நிறுத்தியிருந்த மருந்தும் இப்போது ஒன்றாக உள்ளே போயின.

அடுத்த வாரம் 2017 கந்த சஷ்டி. சூரசம்ஹாரத்தன்று விரதம். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் 'இனி ஒழுங்காக இருக்க வேண்டும்' என்ற புதிய பக்தியில் மாத்திரைகளை மட்டும் சாப்பிட்டுவிட்டு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போனேன். பாதிப் படியில் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண்ணுக்கு எதிரே படி இரண்டாகத் தெரிந்தது. கூட வந்தவர் ஏதோ கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. புண்ணியவதி ஒருத்தி தன் தொன்னையிலிருந்த பஞ்சாமிர்தத்தை என் வாயில் வைத்தாள். பத்து நிமிஷம் கழித்து யாரோ பையிலிருந்து எடுத்த குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 61. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ, முருகனுக்கே வெளிச்சம்.

இது தண்டவாளத்தின் நடுவே நின்றிருக்கும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இதை முதல் மாதமே சொல்லியிருந்தால் மாத்திரை ரகத்தை மாற்றியிருப்பேனே" என்றார். மெட்ஃபார்மினில் மெதுவாகக் கரையும் ரகம் ஒன்று உண்டு. அதில் 500 மில்லிகிராமை இரவுச் சாப்பாட்டோடு ஆரம்பித்து, வயிறு பழகப் பழக வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றினார். வயிறு அடங்கிவிட்டது. கிளிமெபிரைடை நிறுத்திவிட்டார், எனக்கு அது தேவையே இருந்ததில்லை. ஐந்து நிமிஷப் பேச்சு. அதைப் பேசாததற்கு நான் கொடுத்த விலை நாலு மாதமும், பாதிப் படியில் ஒரு கண்டமும்.

இந்த ரகத்தை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உடைக்கலாமா என்பதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு, சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சில கம்பெனி மாத்திரைகளின் மேல்கூடு கரையாமல் மலத்தில் முழுசாக வெளியே வரும். 'மருந்து அப்படியே வெளியே போகிறது, பிரயோஜனமில்லை' என்று என் நண்பர் ஒருவர் அதையும் நிறுத்திவிட்டார். உள்ளேயிருக்கும் மருந்து இறங்கிவிட்டது. வருவது வெறும் கூடு.

தாழ்சர்க்கரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் விரதக்காரர்கள். ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், கிருத்திகை என்று வருஷத்தில் பல நாள் வயிறு காலி. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகையறாக்கள், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அவற்றின் வேலை. சாப்பாடு வராவிட்டாலும் அவை தட்டும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இதில் ஆபத்து அதிகம். கிளிபென்கிளமைடு அந்த விஷயத்தில் பொல்லாதது. அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை, பிறகு ஒரு சாப்பாடு. இந்த மாத்திரைகளின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும். 'சரியாகிவிட்டது' என்று தனியே போய்ப் படுத்துவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

பவுடர் என்று நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலருக்கு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்த மாத்திரை எழுதுகிறார்கள். அதில் வாக்லிபோஸ் என்று ஒன்று இருக்கும். வயிற்றில் வாயு சேருவதற்கு அதுதான் காரணம். சாப்பாட்டு மாவையும் சர்க்கரையையும் குடலில் உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. ஆகவே அதைச் சாப்பிடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால், நாம் அவசரத்துக்கு வாயில் போடும் சீனியும் வெல்லமும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறாது. குளுக்கோஸ்தான் ஏறும். ரயிலில் ஊருக்குப் போகும்போது பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, உள்ளே என்னென்ன மருந்து என்று ஒரு தடவை படியுங்கள். கம்பெனிப் பெயர் போதாது.

இனி இரண்டாவது கதை. இது என் கதையல்ல, ஆனால் நம் போன்ற குடும்பங்களின் கதை. நொய்டாவில் அடுக்கு மாடி வீட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையன், அப்பா காலமான பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்து வைத்திருக்கிறான். அந்த அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் இந்தியில் கேட்பார், பையன், "அம்மா, எல்லாம் சரியா இருக்கா?" என்பான்; அம்மா தலையாட்டுவாள்; பையன், "ஸப் டீக் ஹை" என்பான். அவன் மேல் குற்றமில்லை. லீவு போட்டுவிட்டு அக்கறையாகத்தான் அழைத்துப் போகிறான்.

அந்த அம்மாளுக்கு டாபாகிளிஃப்ளோஸின் எழுதியிருந்தார்கள். 2020-ல் இதன் காப்புரிமை முடிந்த பிறகு விலை இறங்கி, இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் சர்க்கரை போகிற வழியில் பூஞ்சை பிடிக்கும். மர்ம ஸ்தானத்தில் அரிப்பு, புண். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும். இதை அந்த அம்மாள் மகனிடம் எப்படிச் சொல்வாள்? மருமகளோ வடநாட்டுப் பெண், தமிழ் தெரியாது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தினமும் அந்த மாத்திரையைத் துளசித் தொட்டியில் புதைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நவராத்திரி கொலுவுக்குப் போன இடத்தில், அந்த அம்மாள் சரியாக உட்கார முடியாமல் நெளிவதைப் பார்த்து என் மனைவி தனியே அழைத்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "இந்த வயசுல இது என்ன அசிங்கம்னு இருந்தேன்மா" என்று அழுதாளாம்.

என் மனைவியே அவளை ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். பூச ஒரு களிம்பு, போய்வந்த பிறகெல்லாம் தண்ணீரால் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்வது; ஒரு வாரத்தில் குணம். பெரும்பாலும் இந்தத் தொந்தரவு மருந்தை நிறுத்தாமலே தீரக்கூடியது. ஆனால் இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் தில்லியின் மே, ஜூன் வெயிலில் தண்ணீர் குறையவிடக் கூடாது. வாந்தி, பேதி, பட்டினி நாட்களிலும் ஆபரேஷனுக்கு முன்னாலும் இதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் என்றால் சாதாரணமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால், மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. கண்புரைக்கோ முட்டிக்கோ தேதி குறித்தவுடனே, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை அங்கே சொல்லிவிடுங்கள்.

எல்லாத் தொந்தரவும் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022-ல் எனக்குப் பாதம் எரிய ஆரம்பித்தது. ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சர்க்கரை நரம்பைப் பிடித்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். முன்பட்ட சூட்டினால் இந்தத் தடவை டாக்டரிடம் உடனே சொன்னேன். அவர் பி12 பார்க்கச் சொன்னார். 140. இருநூறுக்கு மேலாவது இருக்க வேண்டும். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். அதிலும் நான் சைவம், பாலும் தயிரும்தான் கதி. அதே 2022 ஜூன் மாதத்தில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களிடம் பி12 குறைவின் அறிகுறி தெரிந்தால் சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. எனக்கு ஊசி போட்டார்கள். எரிச்சல் படிப்படியாகக் குறைந்தது. பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவர்கள் இதைத் தாமாகவே டாக்டரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை என்று நினைத்து விட்டுவைத்தால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.

'இத்தனை தொந்தரவு இருக்கிறதே, இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்' என்று சொல்லும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெந்தயமும் பாகற்காயும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் மருந்தில் கெடுதல் தெரிந்தால் அரசாங்கமே என்ன செய்கிறது என்று பாருங்கள். 2013 ஜூனில் பயோகிளிடசோன் என்ற மாத்திரையை மத்திய அரசு நிறுத்திவைத்தது. ஜூலை முடிவதற்குள், எச்சரிக்கை வாசகத்தோடு விற்கலாம் என்று தடையை நீக்கியது. அதைச் சாப்பிட்டால் சிலருக்குக் காலில் நீர் கோத்துச் செருப்பு இறுகும். இருதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அது வேலை செய்கிறது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை நோயாளி வாய் திறக்காமல் எந்த டாக்டரும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நிமிஷத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடும் டாக்டர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் நான் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, மாத்திரை, சாப்பிட்ட நேரம், உடம்பு செய்தது. எங்கள் ஃபெயிலியர் ரிஜிஸ்டர் மாதிரிதான். அதை மேஜை மேல் விரித்து வைத்தால் மூன்று நிமிஷக்காரரும் படித்துத்தான் பார்க்கிறார்.

டாக்டர் கேட்காவிட்டால் கேட்பதற்கு வேறு இடமும் உண்டு. மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்ட 2010-ல் மத்திய அரசு ஒரு திட்டம் ஆரம்பித்தது. பக்கத்திலிருக்கும் காஜியாபாத்தில் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண் உண்டு. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. தலைநகரத்தில் இத்தனை வருஷம் இருந்தும் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. வருஷா வருஷம் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். விரலில் குத்தி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த எண் எல்லார் வீட்டு மீட்டரிலும் இருக்கிறது. அடுத்த முகாமில் இரண்டு மேஜைகள் தனியாகப் போடுங்கள், ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, நடுவே திரை. மாத்திரை அட்டைகளோடு வரச் சொல்லுங்கள். என்ன செய்கிறது என்பதைத் தமிழில் கேட்டு, டாக்டரிடம் காட்ட இந்தியிலோ இங்கிலீஷிலோ அரைப் பக்கம் எழுதிக் கொடுப்போம். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் இருக்கும் தாய்மார்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போக, இரண்டு மொழியும் தெரிந்த பெண்கள் பத்துப் பேர் முன்வந்தாலே போதும். ஆண்கள் மேஜைக்கு நான் உட்காரத் தயார். பெண்கள் மேஜைக்கும் துணைக்குப் போவதற்கும் என் மனைவி முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். பாக்கி ஒன்பது பெயர்களைச் செயலாளரிடம் கொடுங்கள்.